விதை அறைக்கு வேண்டியது பெரிய யந்திரமா, நல்ல காவலா?

நவரைப் பட்டத்துக்கு நாற்று விட வேண்டிய மார்கழி மாதத்தில், குடியானவர் ஒருவர் தாம் பத்திரப்படுத்தி வைத்திருந்த விதை மூட்டையைப் பிரித்து, ஊறவைத்து, முளை கட்டிப் பார்க்கும்போது பாதி விதைகூட முளைக்கவில்லையென்றால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை விவசாயிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, உழவு முடிந்தது, ஆட்களும் கிடைத்துவிட்டார்கள், விதை மட்டும் செத்துக் கிடக்கிறது. வேறு விதை தேடி வருவதற்குள் பட்டம் தவறிவிடுகிறது. இவ்வாறு நேரும் நஷ்டத்தைத் தடுப்பதற்காகவே, கூட்டாக விதை சேமிப்போர் இப்பொழுது சில இடங்களில் குளிர்ந்த காற்றுத் தரும் யந்திரம் வைத்த விதை அறைகளை அமைத்து வருகிறார்கள். முயற்சி மெச்சத் தக்கதே. ஆயினும், யந்திரத்தை வாங்குவதில் காட்டும் சிரத்தையில் கால் பங்கேனும் அந்த யந்திரத்தை ஆளும் மின்னணுக் கருவிகளிடத்தும், அதைக் கண்காணிக்கும் அளவுகோல்களிடத்தும் நாம் காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். அதைக் குறித்தே இங்கு சில வார்த்தைகள் எழுத முற்பட்டேன்.

தாம்பரம் 2021ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் ஆயக்கட்டுகளில் பெரும்பாகம் வீடுகளாக மாறிவிட்டதை யாவரும் அறிவர். ஆனாலும் மேற்கே மணிமங்கலம், படப்பைப் பக்கங்களிலும், தெற்கே செங்கற்பட்டு ஜில்லா முழுவதிலும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. சொர்ணவாரிப் பயிரை அறுத்து விதைக்கென ஒதுக்குவோர் அதை நவரைக்கோ அடுத்த சொர்ணவாரிக்கோ வைத்திருக்கிறார்கள். அந்த விதை வடகிழக்குப் பருவ மழை முழுவதையும் மூட்டைக்குள்ளேயே கழிக்க வேண்டும். வருஷத்தில் காற்று மிகவும் ஈரமாயிருப்பதும், மின்சாரம் அடிக்கடி நின்றுபோவதும் அந்த மாதங்களில்தான். நம் பக்கத்து விதைக்கு முக்கியமான சத்துரு வெயிலன்று, ஈரமே என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

விதை உயிருள்ள பொருள். அது மூட்டைக்குள் இருந்தபடியே மெதுவாகச் சுவாசிக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள காற்றில் ஈரம் மிகுந்தால் அதை இழுத்துக் கொள்ளும்; குறைந்தால் வெளியிடும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 ஆக நிலைத்திருந்தால் நெல்லின் ஈரம் சுமார் 14 சதவிகிதத்தில் வந்து நிற்கும். காற்றில் 50 ஆக இருந்தால் நெல்லில் சுமார் 11 ஆக இறங்கும். ஹாரிங்டன் என்னும் அமெரிக்க விதை நூல் வல்லார் வகுத்த கணக்கு ஒன்று உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. விதையின் ஈரத்தில் ஒரு சதவிகிதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். உஷ்ணத்தில் 5 டிகிரி சென்டிகிரேட் குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும் என்பதே அது. உத்தேசக் கணக்குத்தான், மிகவும் உலர்ந்த விதைக்கும் மிகவும் ஈரமான விதைக்கும் இது பொருந்தாது. எனினும் நம் காரியத்துக்குப் போதுமான வழிகாட்டி. சாக்கு மூட்டையில் வைக்கும் நெல் விதைக்கு ஈரம் 13 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்றும், முளைப்பு 80 சதவிகிதத்துக்குக் குறையலாகாது என்றும் விதைச் சான்று விதிகள் கூறுவதற்கும் இதுவே காரணம்.

இனி யந்திரத்துக்கு வருவோம். ஹீட் பம்ப் என்று சொல்லப்படும் யந்திரம் உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்து உஷ்ணத்தை மற்றோரிடத்துக்கு ஏற்றிச் செல்கிறது. கிணற்று நீரைப் பம்பு மேட்டுக்கு ஏற்றுவது போலவே, அறைக்குள்ளிருக்கும் உஷ்ணத்தை இது வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வால்வைத் திருப்பினால் வெளி உஷ்ணத்தை உள்ளே கொண்டுவருவதும் உண்டு. ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டு ஏறக்குறைய மூன்று பங்கு உஷ்ணத்தை நகர்த்துவதால் சிக்கனமானது. அறைக்குள் மின்விசிறியும் குழாய்ச் சுருளும் வடிகட்டியும் அடங்கிய பெட்டி ஒன்று இருக்கும். அறைக் காற்றை இழுத்து, சுருளின் மேல் செலுத்தித் திருப்பி அனுப்புவது அதன் வேலை. இந்தக் காற்றுப் பெட்டியை எப்பொழுது, எவ்வளவு நேரம், என்ன வேகத்தில் ஓட்டுவது என்று தீர்மானிப்பதே மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அறை குளிர்ந்துவிட்டால் விதை பிழைத்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீரைத் தாங்கும். மழைக்காலத்தில் ஈரம் 75 என்றால் அதில் சுமார் 23 கிராம் நீர் இருக்கிறது. அதே காற்றை 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது 17 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சம் நீராகப் பிரியும். ஆனால் எஞ்சிய காற்றோ நூற்றுக்கு நூறு ஈரமுள்ளதாகி நிற்கும்! அதாவது, குளிர்வித்த மாத்திரத்தில் காற்று விதைக்கு நல்லதாகி விடுவதில்லை. ஒரு வகையில் கெட்டதாகிறது. சுருளைச் சுமார் 10 டிகிரி வரை குளிரவிட்டு நீரைப் பிரித்து, பிறகு அக்காற்றை மறுபடி 20 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரம் 54 அளவில் வந்து நிற்கும். சூடேற்றுவதற்குத் தனி மின்சாரம் தேவையில்லை. யந்திரம் வெளியே கொட்டும் உஷ்ணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தாலே போதும். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றுக்காகக் காரியர் என்னும் எஞ்சினீயர் இவ்வகை யந்திரத்தை வகுத்தபோது, ஆட்களைக் குளிர்விப்பது அவர் நோக்கமன்று. காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்காமல் காப்பதே நோக்கம். நமக்குக் காகிதத்துக்குப் பதில் விதை. அவ்வளவே வித்தியாசம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வட்டாரத்து விதை அறை ஒன்றில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். அறையை நடத்துவோர் நல்லவர்கள், பணத்துக்கும் குறைவில்லை. சுவரில் மாட்டிய பலகையில் 20 என்ற இலக்கம் பச்சையாகப் பிரகாசித்தது. எல்லோரும் அதைப் பார்த்துத் திருப்தியடைந்தார்கள். கார்த்திகையில் மூட்டைகளைத் தொட்டபோது பின்மூலையிலிருந்தவை சில்லென்றும் இல்லை, உலர்ந்தும் இல்லை. புழுங்கிய வாசனை வீசிற்று. நான் பையிலிருந்த தெர்மாமீட்டர் இரண்டை எடுத்து, ஒன்றின் நுனியில் ஈரத்திரி சுற்றி, பின்மூலையில் வைத்துப் பார்த்தேன். உஷ்ணம் 27; காற்றின் ஈரம் 80க்கு மேல். மாதிரி எடுத்துச் சோதித்ததில் அந்த வரிசை விதையின் முளைப்பு 80க்கு வெகு கீழே போயிருந்தது. அந்த வருஷம் அங்கு விதை வைத்திருந்தவர்களில் சிலர் வெளியில் விலைக்கு வாங்கி நாற்று விட்டார்கள். ஒரு பெரியவர் பல வருஷங்களாகக் கலப்பில்லாமல் காத்துவந்த கிச்சிலிச் சம்பா விதையை இழந்தார். அதை விலைக்கு எங்கே வாங்குவது?

நடந்தது என்ன? உஷ்ணத்தை அறியும் சென்சாரைக் காற்றுப் பெட்டியின் வாயெதிரிலேயே பொருத்தியிருந்தார்கள். குளிர்காற்று முதலில் அதன்மேல் பட்டதும், அறை முழுவதும் குளிர்ந்துவிட்டதாக அது தகவல் கொடுத்தது, யந்திரம் நின்றது. கம்ப்ரஸர் நின்ற பின்னும் விசிறி மட்டும் ஓயாமல் சுழன்றது. அதனால் சுருளில் படிந்திருந்த நீர் வடிகுழாய்க்குப் போகாமல் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பிற்று. ஈரத்தை அறியும் சென்சார் ஒன்றுகூட அங்கில்லை. யந்திரம் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்க இரண்டாவது சாட்சி இல்லாமற் போயிற்று.

இதைவிட வருத்தம் தந்தது பின்னர் நடந்த யோசனை. “யந்திரம் சிறியது; இதைப்போல் இரண்டு மடங்கு பெரியது வாங்கினால் சரியாகும்” என்று தீர்மானிக்க இருந்தார்கள். அது வியாதியை வளர்க்கும் மருந்தாகவே முடிந்திருக்கும். அறைக்கு மிஞ்சிய யந்திரம் சில நிமிஷங்களில் உஷ்ணத்தைக் குறைத்துவிட்டு நின்றுவிடும். ஈரம் பிரிவதற்கு வேண்டிய அவகாசமே கிடையாது. அளவான யந்திரம் நெடுநேரம் மெதுவாக ஓடுவதே ஈரத்தை வாங்குவதற்கு உகந்தது. சென்சாரை இடம் மாற்றி, ஈரம் பார்க்கும் கருவி சேர்த்து, கம்ப்ரஸர் நிற்கும்போது விசிறியும் நிற்கும்படி திருத்தினார்கள். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரச்சட்டங்களின்மேல் அடுக்கினார்கள். பழைய யந்திரமே போதுமானதாயிற்று.

ஆகவே விதை அறை அமைப்போர் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, சென்சார்கள். ஒன்று காற்றுப் பெட்டி காற்றை இழுக்கும் பக்கத்தில் இருக்கட்டும். மற்றொன்று பெட்டிக்கு மிகத் தூரமான மூலையில், மூட்டைகளின் நடு உயரத்தில் இருக்கட்டும். இரண்டும் உஷ்ணத்தோடு ஈரத்தையும் காட்ட வேண்டும். யந்திரத்தை நடத்தும் உரிமை ஈரத்துக்கு முதலிலும் உஷ்ணத்துக்கு அடுத்தபடியும் இருக்கும்படி கருவியை அமைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மின்சாரக் காவல். மூன்று பேஸில் ஒன்று அறுந்தால் மோட்டார் கருகும் என்பது கிணற்றுப் பம்பு வைத்திருப்போருக்குத் தெரியாததன்று. குறைந்த மின் அழுத்தமும் அவ்வாறே. பேஸ் காவலும், நின்ற கம்ப்ரஸர் மறுபடி ஓடுவதற்குமுன் குறைந்தது மூன்று நிமிஷம் பொறுக்கும் ஏற்பாடும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, வியாதியை முன்னதாக அறியும் அளவு. சுருளுக்குள் நுழையும் காற்றின் உஷ்ணத்தையும் வெளிவரும் காற்றின் உஷ்ணத்தையும் தனித்தனியே அளந்து வித்தியாசத்தைக் குறித்து வாருங்கள். நல்ல நிலையில் அது ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும். யந்திரம் ஓடியும் வித்தியாசம் நாளுக்கு நாள் குறைந்தால் வாயு கசிகிறதென்று சந்தேகிக்கலாம். வித்தியாசம் வழக்கத்தைவிட மிகுந்து காற்றின் வேகம் தளர்ந்தால் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும். நெல் உமித் தூசி மிகுந்த அறையில் இது அடிக்கடி நேரும். வடிநீர்த் தட்டு நிரம்பினால் யந்திரத்தை நிறுத்தும் மிதவை ஒன்றும் பொருத்துவது நலம்.

நான்காவது, உலர்த்தும் வேலைக்கு இதே யந்திரத்தை உபயோகிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. விதை நெல்லை உலர்த்தும் காற்று 40 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது க்ஷேமம். கட்டுப்பாட்டுக் கருவி பழுதானாலும் தன்னிச்சையாக மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி உஷ்ணக் காவல் ஒன்று இருந்தே தீர வேண்டும். அரிசிக்கான நெல் சற்றுச் சூடேறினால் நொய் மிகும். விதை நெல் சூடேறினாலோ சாகும்.

ஐந்தாவது, அபாய மணி. கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் இப்போது எளிதிற் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தே பம்பு மோட்டாரைக் கைப்பேசியால் ஓட்டும் நம்மவர்க்கு இது புதுமையன்று. ஆனால் கைப்பேசியை மட்டும் நம்பியிருத்தல் தகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன கதியடைந்தன என்பதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் சேர்ந்தே அற்றுப்போனதும் நமக்கு மறந்திருக்காது. எந்த நாளில் செய்தி மிகவும் தேவையோ அந்த நாளில்தான் அது வராது. ஆதலால் பாட்டரியில் ஓடும் மணி ஒன்று அறை வாசலிலேயே ஒலிக்க வேண்டும். அளவுகளைக் குறித்துக்கொள்ளும் கருவி மின்சாரம் நின்றாலும் பாட்டரியில் தொடர்ந்து இயங்க வேண்டும். மின் பலகையை வெள்ளம் எட்டாத உயரத்தில் அமைப்பதும் அவசியம்.

ஆறாவது, சென்சாரையே சோதிக்கும் வழி. இதற்குப் பரிசோதனைச்சாலை வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி ஜாடியின் அடியில் சாதாரண உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, சென்சாரை அதன்மேல் உப்பில் படாதபடி தொங்கவிட்டு, இறுக மூடி ஓர் இரவு வைத்திருங்கள். உள்ளிருக்கும் காற்றின் ஈரம் 75 சதவிகிதத்தில் நிற்கும். இது இயற்கையின் விதி. சென்சார் 75க்கு அண்மையில் காட்டினால் நம்பலாம். 65 என்றோ 85 என்றோ காட்டினால் மாற்றிவிட வேண்டும். உஷ்ணத்துக்கு, தண்ணீர் புகாத சென்சாராயின், நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் அமிழ்த்தினால் பூஜ்யம் காட்ட வேண்டும். ஐப்பசிக்கு முன் வருஷந்தோறும் ஒருமுறை இதைச் செய்தால் போதும். தராசைச் சோதிக்காமல் நெல் அளப்போமா?

இவ்வளவும் படித்தபின், “எங்கள் தகப்பனாரும் பாட்டனாரும் குதிரிலும் கோட்டையிலும் விதை வைத்துப் பிழைக்கவில்லையா?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஓரிரு மூட்டை விதை வைப்போருக்கு இந்த யந்திரம் எதுவும் வேண்டியதில்லை என்பதே என் பதில். காலை மாலை இளவெயிலில் உலர்த்தி, உச்சி வெயிலில் சிமென்டுக் களத்தில் பரப்பாமல், ஈரம் 12க்குக் குறைந்ததென்று அளந்து பார்த்து, காற்றுப் புகாத பையில் கட்டி நிழலில் வைத்தால் அடுத்த பட்டம் வரை விதை கெடாது. யந்திர அறை, பலர் கூடி நெல்லும் நிலக்கடலையும் காய்கறி விதைகளும் பெருமளவில் சேமிக்குமிடத்துக்கே உரியது. அங்கு ஒருவருடைய கவனக்குறைவு அநேகருடைய பட்டத்தைக் கெடுக்குமாதலால், காவலும் அதற்கேற்ப வலுவாக இருக்க வேண்டும்.

வேறு சிலர், “மின்னணுக் கருவி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும், மனிதன் எதற்கு?” என்கிறார்கள். இது முன்னதைவிடப் பெரிய தவறு. கருவி அளக்கும், குறிக்கும், மணி அடிக்கும். மணியைக் கேட்டு எழுந்து வருவது மனிதன் வேலை. நான் கண்ட அந்த அறையில் பொறுப்பாளர் பலர், பொறுப்பு ஒருவருக்குமில்லை. ஆகையால் ஒரே ஒருவர் பெயரைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அவர் காலையும் மாலையும் உள்ளே சென்று, பின்மூலையின் உஷ்ணமும் ஈரமும் பார்த்து, ஒரு கோடு போட்ட நோட்டில் தம் கையாலேயே எழுதட்டும். கருவியின் பதிவும் நோட்டின் பதிவும் மாறுபட்டால் அன்றே விசாரணை நடக்கட்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வரிசையிலிருந்தும் நூறு விதை எடுத்து ஈரத் துணியில் முடிந்து, பதினான்காம் நாள் முளைத்தவற்றை எண்ணட்டும். எல்லாச் சென்சார்களுக்கும் மேலான சென்சார் விதையே.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விதை அறைக்கு உதவித் தொகை கோரும் மனுக்களை நீங்கள் பரிசீலிக்கும்போது யந்திரத்தின் டன் அளவையும் விலையையும் பார்க்கிறீர்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். ஈரம் அளக்கும் சென்சார் எத்தனை, எங்கே? மின்சாரம் நின்றால் யாருக்கு, எவ்வாறு தெரியும்? சென்ற மாதத்துப் பதிவு எங்கே? இம்மூன்றுக்கும் விடையில்லாத அறைக்குப் பெரிய யந்திரம் வாங்கித் தருவது, கரை உடைந்த ஏரிக்கு மதகை அகலப்படுத்துவது போலாகும். அறையைத் திறந்து வைக்கும் நாளில் போகிறவர்கள், ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பின்மூலை மூட்டையைத் தொட்டுப் பார்த்தால், அது பல அறிக்கைகளுக்குச் சமானம். விவரம் வேண்டுவோர் காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் தங்கள் வட்டார விவசாய அலுவலகத்திலும் யோசனை கேட்கலாம்.

வீடுகள் பெருகி நிலம் சுருங்கிவரும் இந்தப் பகுதியில், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு காணி நிலமும் அதற்குரிய விதையும் முன்னிலும் அருமையானவை. கிச்சிலிச் சம்பாவை இழந்த அந்தப் பெரியவர் மறு வருஷம் தூரத்து உறவினர் ஒருவரிடமிருந்து சிறிதளவு விதை வாங்கி வந்து, மறுபடி அதே அறையில் வைத்தார். “இப்பொழுது நம்பிக்கை வந்துவிட்டதா?” என்று கேட்டேன். “யந்திரத்தை நம்பி வைக்கவில்லை, ஐயா, அந்த நோட்டைப் பார்த்துவிட்டு வைத்தேன்” என்றார். விதை அறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஐப்பசி பிறப்பதற்குள் அப்படி ஒரு நோட்டையும், பின்மூலையில் ஒரு சென்சாரையும் வைத்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.